பெரிய திரையில் தெரிந்தது

கூடத்திலிருந்து ரகுநாத்தின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த திலகவதியின் கை அப்படியே நின்றது. குவைத்தில் வேலை பார்க்கும் புருசன் அறந்தாங்கி வீட்டில் எப்படிச் சிரிப்பார்?

ஓடி வந்தாள். சிரித்தது நாகராசுவின் போன். அங்கே ரகுநாத்தோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன், லீவில் வந்திருந்தான். லீவில் வருகிறவனிடம் மற்றவர்கள் வீட்டுக்குச் சாமான் கொடுத்தனுப்புவது வழக்கம். ரகுநாத் கொடுத்தனுப்பிய, பெரிய திரை வைத்த புது டேப்பும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

"அண்ணன் பேசுனதை எம் போன்ல எடுத்தேன் மதினி, பாருங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் குடும்பம் நடத்தியதே போனில்தான். பிள்ளை பிறந்ததைக்கூட ரகுநாத் போனில்தான் பார்த்தார். ஒரு மாதமாக அந்த முகமும் இல்லை. கேமரா கெட்டுப்போச்சு என்று வெறும் குரல்தான்.

"முகம் வெளுத்திருக்கே தம்பி?"

"அது எம் போனோட லட்சணம். என்னையே செவப்பாக் காட்டும்!"

"ஒங்க வீட்டுக்காரி இந்தப் போன்தான் ஒசத்தின்னு தெருவெல்லாம் சொல்லுதே?"

"அவ என்னையும்தான் ஒசத்திங்கிறா. நம்பிருவீங்களா? டேப்ல பாருங்க, உள்ளது உள்ளபடி தெரியும். சார்ஜும் நிக்கும். எம் போன் மத்தியானமே படுத்துரும்."

வீடியோவை டேப்புக்கு அனுப்பினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட விட்டான். போனில் ரகுநாத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ மங்கித் தெரிந்தது. டேப்பில் அது இரும்புக் கம்பி. கம்பியில் ஒரு பாட்டில். பாட்டிலிலிருந்து இறங்கிய குழாய் அவர் கையில் முடிந்தது.

நாகராசு பதறிப்போய்த் திரையை மறைத்தான்.

"கையை எடுங்க தம்பி. அவருக்கு என்ன?"

"கட்டடத்துச் சாரத்துலேருந்து விழுந்துட்டாரு மதினி. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"உசுரு?"

"நான் கெளம்புறப்ப நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு."

"நீங்க கெளம்புறப்ப. இப்ப?"

திலகவதி டேப்பை அவன் பக்கம் தள்ளினாள்.

"கூப்பிடுங்க. சின்னத் திரை வேணாம், டேப்ல போடுங்க."

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும் பீட்டருக்கு அழைப்புப் போனது. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் அடித்தது. அந்த வெளிச்சத்தையே வெறித்தாள்.

பீட்டர் எடுத்தான். படம் ஆடி, ரகுநாத்திடம் போய் நின்றது. உயிரோடு இருந்தார்.

"முகம் மட்டும் வேணாம் பீட்டரண்ணே. கீழ காட்டுங்க," என்றாள் திலகவதி.

ரகுநாத் வேண்டாம் என்று தலையாட்டினார். பீட்டரின் கை தயங்கித் தயங்கி இறங்கியது. இடது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

திலகவதி டேப்பை நெருங்கி உட்கார்ந்தாள்.

"ஒரு மாசமா இதைத் தனியாவா சொமந்தீங்க? எப்படி இருந்தாலும் வந்து சேருங்க. எனக்கு நீங்க வேணும்."

ரகுநாத் குலுங்கி அழுதார். இனி எப்படிப் பிழைப்பது என்ற பயம் அவளுக்கு வந்தது. குரலில் அதைக் காட்டவில்லை.

அழைப்பு முடிந்ததும், "போயிட்டு வாரேன் மதினி," என்று கண்ணைத் துடைத்தபடி நாகராசு செருப்பை மாட்டினான். அவன் படியிறங்கியதும், தெருவுக்குக் கேட்காமல் அழுவதற்காக, திலகவதி கதவைச் சாத்தித் தாழிட்டாள்.