நெற்றியில் ஈரத் துண்டு

கொரோனா காலத்தில் சாரம் பகுதியிலுள்ள தம்பி யூசுப் வீட்டுக்கு வந்து, திரும்பிப் போக விமானமில்லாமல் மாட்டிக்கொண்டபோது, எனக்கு ஒன்று விளங்கவில்லை. அவன் கம்பெனி மறுபடி திறந்ததிலிருந்து சில நாளாக, வேலைக்குக் கிளம்புமுன் குழாயடியில் துண்டை நனைத்து நெற்றியில் கட்டிக்கொள்கிறான். நம்ம ஊர் வெயில்தானே என்று விட்டுவிட்டேன். பிரான்சில் ஆஸ்பத்திரித் தரை துடைக்கிற எனக்கே உறைக்கவில்லை பாருங்கள்.

ஒரு காலை, துண்டு கட்டுமுன் தற்செயலாகத் தொட்டேன். நெற்றி கொதித்தது.

"கேட்டுல நெத்திக்கு நேரா மெஷின் வெச்சுப் பாக்குறாங்கக்கா. சூடு காட்டுனா திருப்பி அனுப்பிடுவாங்க. பர்மனன்ட் ஆளுக்கு லீவு, சம்பளம் உண்டு. நான் கான்ட்ராக்ட்டு. நாளைக்கே என் எடத்துல வேற ஆளு நிப்பான்."

"காய்ச்சலோட போயி நெஞ்சுல எறங்கிடுச்சுன்னா?"

"வீட்ல படுத்திருந்தா அரிசி யாரு குடுப்பா?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பாரிஸ் போன புதிதில் நானும் இருமலை முழுங்கிக்கொண்டு வேலை செய்தவள்தான். சூப்பர்வைசர் கண்டுபிடித்து, "வீட்டுக்குப் போங்கள் மதாம்" என்றாள். வேலை போச்சென்று வழியெல்லாம் அழுதேன். மறுநாள் மூஞ்சிக்குப் பவுடர் போட்டு, பளிச்சென்று போய் நின்றேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் படுத்திருக்கலாம், சம்பளமும் வரும், அதற்கு 'அர்ரே மலாதி' என்று பெயர் என அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதை யூசுப்பிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப இப்ப உன் தரைய யாரு துடைக்கிறா?" என்றான்.

ஆவா. மாலி நாட்டுப் பெண், ஏஜென்சி அனுப்புகிற ஆள். ஒருநாள் வராவிட்டால் அவள் இடத்தில் வேறொருத்தி. சொல்லி முடிக்குமுன்னே எனக்கு உறைத்தது. அப்படியானால் அங்கே நான் பர்மனன்ட்டா? கடல் தாண்டிப் போனவர்களே, உங்களுக்காவது இது புரிகிறதா?

மறுநாள் மதிய ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது காய்ச்சல் இன்னும் ஏறியிருந்தது. போகாதே என்று துண்டைப் பிடித்துக்கொண்டேன். அந்நேரம் பார்த்து பாரிஸிலிருந்து சூப்பர்வைசரின் போன்.

"பதற வேண்டாம் மதாம். உங்கள் வேலை உங்களுக்குத்தான். ஆவா பார்த்துக்கொள்கிறாள்."

"மெர்சி" என்றேன். காய்ச்சல் இல்லாதவளுக்கு வேலை காத்திருக்கிறது. ஒரு கையில் போன், மறு கையில் துண்டின் ஒரு முனை. இன்னொரு முனை யூசுப்பிடம். இழுத்துப் பிடுங்குவதா, நானே இறுக்கிக் கட்டிவிடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

"விடுக்கா," என்றான். "ஈரம் காஞ்சிடும்."