காலை ஏழு முதல் மாலை ஏழு வரை

இது நடந்தது. நான் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். கல்லூரிக் காலத்தில் முதல்வரின் நாய்க்குத் துணைவேந்தர் பதவி கிடைத்ததாகச் சுவர்ப் பத்திரிகையில் எழுதி இடைநீக்கம் வாங்கியவன் நான். அதனால் இதுவும் அந்த வகை என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். நேரத்தையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். பதினொரு காகிதங்களும் பத்திரமாக இருக்கின்றன.

என் பெயர் கவியரசன். ஊர் கரூர். பாரிஸில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். முதல் வருடம் மாணவர் விடுதி. இரண்டாம் வருடம் அங்கே இடமில்லை. இரண்டு மாதம் ஒவ்வொரு நண்பன் வீட்டுத் தரையாகப் படுத்துப் பார்த்தேன். நவம்பரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியில் ஒரு கட்டில் கிடைத்தது.

அறை இல்லை. கட்டில். அதுவும் பாதி நாளைக்கு.

வீடு ஐந்தாம் மாடியில். லிப்ட் இல்லை. கழிப்பறை படிக்கட்டு முகப்பில், பொது. வீட்டைப் பிடித்து வைத்திருந்தவர் மரியரட்ணம் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர். இப்போது குடும்பத்தோடு புறநகரில், வில்லியே லே பெல்லில் இருக்கிறார். சாவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சட்டம் சொன்னார்.

"தம்பி, இரவு ஏழிலை இருந்து விடிய ஏழு மட்டும் கட்டில் உமக்கு. பகலிலை வலன்ரைன் எண்டு ஒருத்தர் படுப்பார். அவருக்கு இரவு வேலை."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயிறும் வேலை."

"அவரை ஒருவாட்டி பாத்துடறேனே, அண்ணே."

"ஏன், கலியாணம் பேசப் போறீரோ? ஆறே முக்காலுக்கு வெளிக்கிடும். இரவு ஏழுக்கு முதல் வரவேண்டாம். ரெண்டு பேர் படியிலை நிண்டா கட்டடக்காரர் கரைச்சல் தருவினம்."

"ஹீட்டர் ஓடலையே?"

"ஷோபாஜ் திருத்துவம்."

ஷோபாஜ் என்றால் அறையைச் சூடாக்கும் கருவி. திருத்துவம் என்றால் திருத்த மாட்டோம்.

ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்காதீர்கள். ஜனவரி பதினாறாம் தேதி மதியம் இரண்டு மணிக்கு எனக்குக் குடிவரவு அலுவலகத்தில் அழைப்பு இருந்தது. தங்கும் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். 'இவன் என் வீட்டில்தான் இருக்கிறான்' என்று ஒருவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். மரியரட்ணம் மட்டும்தான் போட்டுத் தந்தார். கட்டில் போனால் முகவரி போச்சு. முகவரி போனால் அட்டை போச்சு. அட்டை போனால் கரூர்.

பாரிஸை என்னைப் போலச் சுற்றிப் பார்த்தவன் இருக்க மாட்டான். வேறு வழியில்லை, பகலில் எனக்கு வீடு கிடையாது. வகுப்பு இல்லாத நாளில் ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய கால்வாய் ஓரம் விறைத்துப்போகும்வரை நடப்பேன். பிறகு ஏதாவது தேவாலயம். காசு கேட்க மாட்டார்கள், கொஞ்சம் கதகதப்பு. நானூறு வருடப் பழைய தூணில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். எல்லாரும் ஆகா என்று படம் பிடிக்கும் நகரத்தை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். ஒருநாள் ஒரு பெரிய கல்லறைத் தோட்டத்துக்குள் போய்விட்டேன். அங்கே ஆளுக்கொரு படுக்கை. யாரோடும் பங்கு இல்லை. பொறாமையாக இருந்தது.

வலன்ரைன் மேல் கோபம் முதல் வாரமே தொடங்கியது. அவர் ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுப் போவார். டிசம்பர் மாதம்! கட்டில் மட்டும் சூடாக இருக்கும். ஆள் அப்போதுதான் எழுந்து போன சூடு. அறை பனிக்கட்டி, படுக்கை அடுப்பு. அந்தச் சூட்டுக்குள் சுருண்டுகொண்டே அவரைத் திட்டுவேன்.

சமையலறைக் கதவில் சீட்டு ஒட்டினேன். 'வலன்ரைன் அண்ணா, ஜன்னலைத் திறக்காதீங்க. குளிர்ல செத்துருவோம்.'

மறுநாள் மாலை பதில் இருந்தது. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில், நீலப் பேனாவில்.

'மணம் வரும் எண்டு திறந்தனான். மன்னிக்கவும்.'

என்ன மணம்? நான் தினமும் குளிப்பவன். எரிச்சலாகிவிட்டது.

இப்படியே சண்டை. என் காலணியை வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பார். தலையணையைச் சுவர்ப் பக்கம் தள்ளி, ஓர் ஆள் படுக்க இடம் விட்டு வைப்பார். நான் எழுதுவேன், அவர் எழுதுவார். எல்லாம் நாள்காட்டித் தாளில்தான். என் அம்மாவும் மளிகைப் பட்டியலை அதன் முதுகில்தான் எழுதுவார். அதனால் ஒருநாளும் நான் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. மரியரட்ணத்திடம் புகார் சொல்லும்போது ஆதாரம் வேண்டுமே என்று எல்லாவற்றையும் நோட்டுக்குள் செருகி வைத்தேன்.

கீழே நாலாம் மாடியில் அற்புதமலர் அம்மா. பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுத் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை படியில் நிறுத்திக் கேட்டார்.

"மேல தனியாவா இருக்கே, தம்பி?"

"இல்லம்மா. பகல்ல இன்னொருத்தர் படுக்கறாரு."

அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார். சிக்கன வாழ்க்கையைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார் என்று நினைத்தேன்.

ஜனவரி 8. தூங்கிவிட்டேன். காலை 7:10. போர்வை கால் பக்கமாக மெல்ல நழுவியது. யாரோ மரியாதையாக இழுப்பது போல. கண் திறந்தேன். யாருமில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். அன்று மாலைச் சீட்டு:

'உம்மட நேரம் முடிஞ்சுது. நான் பக்கத்திலை நிண்டனான்.'

எங்கே நின்றார்? அறையில் கட்டிலைத் தாண்டினால் சுவர்தான்.

ஜனவரி 12. மாலை 6:58. இரண்டு நிமிடம் முன்னதாகவே கதவுக்கு வெளியே நின்றேன். ஆளை இன்று பிடித்துவிட வேண்டும், நாலு கேள்வி கேட்க வேண்டும். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. காலடி. ஒன்று... இரண்டு... மூன்று. அப்புறம் சத்தமில்லை.

ஏழு மணிக்குக் கதவைத் திறந்தேன். அறை காலி. கட்டில் சூடு.

பொதுக் கழிப்பறைக்குள் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். நான் கதவை விட்டு நகரவே இல்லை என்பது படுத்த பிறகுதான் உறைத்தது. எழுந்து விளக்கைப் போட்டேன். எங்கே போவது? இன்னும் நாலே நாள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன்.

ஜனவரி 16. அழைப்பு நாள். காலை 6:45க்கு இறங்கினேன். பதினொரு மணிக்கு நூலகத்தில் பையைத் திறந்தால் தப்பான கோப்பு. இரண்டும் நீல நிறம். கடிதம், சான்றிதழ், புகைப்படம் எல்லாம் இருக்கும் கோப்பு மெத்தைக்கு அடியில்.

மெத்தை மேல் வலன்ரைன்.

சட்டமாவது மண்ணாவது! ஓடினேன். 11:42க்கு ஐந்தாம் மாடி. கதவை ஓங்கித் தட்டினேன். பதில் இல்லை. சாவி போட்டேன்.

ஜன்னல் திறந்திருந்தது. நல்ல வெளிச்சம். தெருவில் காய்கறி வண்டிச் சத்தம். மேம்பாலத்தில் மெட்ரோ போனது. பயப்பட ஒன்றுமே இல்லாத நேரம்.

கட்டிலில் போர்வை தலைவரை மூடி ஒருவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தோள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் தெரிந்தது.

"வலன்ரைன் அண்ணா. கொஞ்சம் எழுந்திருங்க."

அசைவில்லை.

"என் பேப்பர் அடியில இருக்கு. ரெண்டு மணிக்கு ஆபீஸ்!"

அசைவில்லை. இரண்டு மாதக் கோபமும் தலைக்கேறியது.

"யோவ், எழுந்திருய்யா! உன்னால தெருத்தெருவா அலையறேன்!"

போர்வையைப் பிடித்து இழுத்தேன்.

கீழே யாருமில்லை.

மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு. தலையணையில் தலை அளவு பள்ளம்.

பள்ளம் மேலே எழும்பவில்லை.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் 11:46. கோப்பு இல்லாவிட்டால் கரூர்.

மண்டியிட்டேன். மெத்தைக்கு அடியில் கையை விட்டேன். மீன்கடை ஐஸ் பெட்டிக்குள் விட்டது போலக் குளிர். விரலில் கோப்பு பட்டது. இழுத்தேன். வரவில்லை. மேலே பாரம்.

"தயவுசெய்து..." என்றேன்.

கிறீச்...

பாரம் புரண்டது.

சுவர்ப் பக்கமாக.

கோப்பு வந்துவிட்டது.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

2:20க்கு அலுவலகச் சாளரத்தில் இருந்த அம்மாள் என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நடுவில் ஒன்றை எடுத்து என்னிடமே நீட்டினார். இது தேவையில்லை, ஐயா, என்றார் பிரெஞ்சில்.

நாள்காட்டித் தாள். நீலப் பேனா.

'சத்தம் போடாதையும். நான் ஏழுக்கு முதல் எழும்பிடுவன். ஒரு நாளும் பிந்த மாட்டன். அவரிட்டைச் சொல்லும்.'

அந்த நிலையிலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. யாரிடம் சொல்ல? நான் என்ன தபால்காரனா?

முத்திரை குத்தித் தற்காலிகச் சீட்டைக் கொடுத்தார்கள். முகவரி: அதே ஐந்தாம் மாடி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தாளை முதல்முறையாகத் திருப்பினேன். 2022, பெப்ரவரி 9, புதன். பழைய தாள். சரி. நோட்டை எடுத்து மற்றவற்றையும் திருப்பினேன்.

பெப்ரவரி 9, புதன்.

பெப்ரவரி 9, புதன்.

பத்தும் அதே.

6:35க்கு நாலாம் மாடிக் கதவைத் தட்டினேன். அற்புதமலர் அம்மா என் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பகல்ல போயிட்டியா?"

தலையாட்டினேன்.

"யாரும்மா வலன்ரைன்?"

"முன்னாடி மேல இருந்தவரு. அவரு பகல்ல, மரியரட்ணம் ராத்திரி. ஒரே கட்டில்."

மரியரட்ணம் அங்கே படுத்தவர் என்பதே எனக்குத் தெரியாது.

"ஒரு நாளு சாயங்காலம் ஏழு மணிக்கு மரியரட்ணம் வரான். அந்த ஆளு எழுந்திருக்கல. என் நேரத்துல தூங்கறியான்னு ஒரே கத்தல். இங்க வரைக்கும் கேட்டுச்சு. அசையல. குடிச்சுட்டு விழுந்து கெடக்கறான்னு நெனச்சு, சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டுட்டுப் பக்கத்துலயே படுத்துட்டான். காலையில ஒரு சீட்டு எழுதி அவரு நெஞ்சு மேல வச்சுட்டு வேலைக்குப் போயிட்டான்."

"என்ன சீட்டு?"

"'ஏழுக்குப் பிறகு இது என்ர கட்டில். இனி ஒருக்காப் பிந்தினா வெளியிலை போம்.' சாயங்காலம் வந்து பாத்தா, சீட்டு வச்ச இடத்துலயே இருக்கு. அப்பதான் அலறினான். ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட நான்தான் பிரெஞ்சுல பேசினேன். இதயமாம். முந்தின நாள் மத்தியானமே போயிடுச்சாம்."

"சீட்டு எதுல எழுதியிருந்தது?"

"காலண்டர் தாள்ல. காலையில கிழிச்ச முந்தின நாள் தாளு. பெப்ரவரி ஒம்போது. என் மகன் ரோமன் பொறந்த நாளு, மறக்குமா? அதைப் போலீஸ் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

பதினொன்றையும் மேசையில் பரப்பினேன். ஒரு வருட நாள்காட்டியில் ஒரு தேதிக்கு ஒரு தாள்தான் இருக்கும். அவர் பார்த்தார். தொடவில்லை.

6:58.

தலைக்கு மேல் கட்டில் கிறீச்சிட்டது. காலடி. ஒன்று... இரண்டு... மூன்று.

அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"தெனமும் இந்த நேரத்துக்குத்தான்" என்றார். "நவம்பர்லேர்ந்து நீதான்னு நெனச்சு நிம்மதியா இருந்தேன்."

7:04க்கு மரியரட்ணத்துக்குப் போன் போட்டேன். எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையையும் சொன்னேன். செத்தவரோடு பங்கு போட்டுக் கட்டிலைக் கொடுத்தீரா என்று கத்தினேன்.

"பகலிலை ஒருத்தரும் அங்கை படுக்கேலாது, தம்பி. படுத்தவை எல்லாம் ஓடீட்டினம். அதாலைதான் இரவுக்கு மட்டும் குடுத்தனான்."

"உங்களுக்குச் சொல்லச் சொல்லியிருக்கார்" என்று கடைசிச் சீட்டைப் படித்துக் காட்டினேன்.

"நீர் வரேக்கை கட்டில் சூடாவோ இருக்கும்?"

"ஆமா. தினமும்."

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். இல்லை.

"அண்டைக்கு நான் அவரோட படுக்கேக்கை ஐஸ் மாதிரி இருந்தது, தம்பி. விடிய விடிய நடுங்கினன்."

"அப்பவுமா உங்களுக்குத் தெரியல?"

"ஷோபாஜ் வேலை செய்யேல்லை எண்டு நினைச்சன்."