கையுறை போடாத கெமிஸ்ட்ரி மேடம்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, விழுப்புரத்தில் என் வீட்டுச் சமையலறையில் நின்று, முந்தைய மாலை இரும்புச் சட்டியில் ஊறவைத்திருந்த மருதாணி விழுதை எவர்சில்வர் தூக்கில் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பேராசிரியை அமிர்தவல்லியின் மகன் செந்தில். "ஆன்ட்டி, அம்மா விடிகாலையில போயிட்டாங்க" என்றான். எங்கே என்று கேட்கும் வயதை நான் கடந்துவிட்டேன். "வர்றேன்" என்று மட்டும் சொல்லித் தூக்கை மூடினேன். அன்று எப்படியும் திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறுவதாகத்தான் இருந்தேன். அந்த விழுதும் அவர் தலைக்காகக் கரைத்ததுதான்.

நம் கல்லூரியில் அவரிடம் வேதியியல் படித்தவர்களுக்கும் அவருடன் பணியாற்றியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் அவரைத் தாயுள்ளம் கொண்டவர் என்று சிலர் போற்றினார்கள். நான் கவனித்தவரை அவருக்கு அப்படி ஒன்று இருந்ததில்லை. நல்ல மூளை இருந்தது, கூரான நாக்கு இருந்தது, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் வழக்கம் இருந்தது. ஒரு மனிதரை முப்பது ஆண்டுகள் சகித்துக்கொள்ள இவை போதும்.

ஆசிரியர் அறையில் பாடத்தின் பெயராலேயே ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வோம். அவர் கெமிஸ்ட்ரி, நான் ஹிஸ்டரி. எங்கள் நட்பு என் முக வீக்கத்தில் தொடங்கியது. நரை தெரியத் தொடங்கிய வயதில் கடையில் விற்ற கறுப்புச் சாயத்தை வாங்கிப் பூசிக்கொண்டு, மறுநாள் கண் பாதி மூடிய நிலையில் கல்லூரிக்குப் போனேன். எல்லோரும் மரியாதையாகப் பார்க்காதது போல இருந்தார்கள். அவர் மட்டும் நேராக என் மேசைக்கு வந்தார்.

"இன்னா ஹிஸ்டரி, தலைக்கு வயசு இருவது, மூஞ்சிக்கு இன்னா வயசுன்னே தெரியல, அவ்ளோ வீங்கிக்கினு கீது. அந்த டப்பா எங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை வாசித்தார். "லேப்ல இந்தச் சரக்கைத் தொடணும்னா பசங்களுக்கு நான் கையுறை குடுப்பேன். நீ மண்டையில ஊத்திக்கினு வந்து நிக்கிற" என்று சொல்லி டப்பாவைக் குப்பைக் கூடையில் போட்டார். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. வீக்கம் வடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் திண்டிவனத்துக்கு வரச் சொன்னார். அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு ஒருமுறை அவர் வீடு, மறுமுறை என் வீடு என்று ஆயிற்று.

அவருடைய முறையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மருதாணிப் பொடியை மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். வெதுவெதுப்பான தேயிலை டிகாஷனும் எலுமிச்சைச் சாறும் விட்டு இரும்புச் சட்டியில் கரைத்து ஓர் இரவு ஊறவிட வேண்டும். புதுப் பாக்கெட் என்றால் சீப்பில் சிக்கிய முடியில் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய்த் தலையில் சாயம் ஏறாது. குளிரிலும் ஏறாது. "மருதாணி செவக்கும், பழுப்பாவும். கருகருன்னு ஆக்குறேன்னு எவனாவது சொன்னா அந்தப் பாக்கெட்டை மோந்து பாரு, அது மருதாணியே இல்ல" என்பார். முடிக்குச் சத்து ஊட்டும் வழி கேட்ட மாணவிகளுக்கு வகுப்பிலேயே அவர் சொன்ன பதில் இது: "முடி நம்ம உசிரோட இருக்கிறப்பவே செத்த பொருள்தான். அதுக்குச் சோறு போட முடியாது, சாயம்தான் போட முடியும்."

எனக்குப் பாலித்தீன் கையுறை இல்லாமல் விழுதைத் தொடப் பிடிக்காது. ஆய்வகத்தில் கையுறை இல்லாத மாணவியை வெளியே அனுப்பும் அவரோ, இதில் மட்டும் வெறுங்கையைத்தான் விடுவார். "கையில புடிக்கிறதைப் பாத்துத்தான் தலையில எவ்ளோ புடிக்கும்னு தெரியும். இதுதான் என் லிட்மஸ் பேப்பர்" என்று உள்ளங்கையை நீட்டிக் காட்டுவார். மாதத்தில் பாதி நாள் அந்தக் கை சிவந்தே இருக்கும்.

எங்கள் புகழ் கல்லூரி முதல்வர் வரை எட்டியது. அந்த அம்மையாரும் ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்தார். "இதுக்கு முன்னாடி கடைச் சாயம் எதாவது போட்டிருக்கீங்களா மேடம்?" என்று அமிர்தவல்லி கேட்டார். "சே, எனக்கு இயற்கையிலேயே கறுப்பு" என்றார் முதல்வர். அலசியபோது அந்த இயற்கை பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டின் நிறத்தில் இருந்தது. சில கடைச் சாயங்களில் உள்ள உலோக உப்பின் மேல் மருதாணி பட்டால் அப்படித்தான் ஆகும். "நீங்க சொல்லல மேடம், முடி சொல்லிடுச்சு" என்று அமைதியாகச் சொல்லித் துண்டை நீட்டினார். அவருக்குத் துறைத்தலைவர் பொறுப்பு ஏன் தாமதமாக வந்தது என்று வியந்தவர்களுக்கு இது ஒரு விளக்கமாகலாம்.

சிரிக்க முடியாத ஒரு ஞாயிறும் உண்டு. மாலை எனக்கு மருதாணி போட்டு அனுப்பிவிட்டுத் தன் தலைக்கும் போட்டு முடித்துக்கொண்டார். மறுநாள் காலை கரும்புக் கொல்லைக்குப் போன அவர் கணவர் வரப்பிலேயே மாரடைப்பில் விழுந்துவிட்டார். நான் போனபோது அமிர்தவல்லி உடலருகே உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த இரண்டு கைகளும் கல்யாணப் பெண்ணின் கைகளைப் போலச் சிவந்திருந்தன. கூடியிருந்த பெண்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள். நாத்தனார் ராஜேஸ்வரி வாய்விட்டே கேட்டார்: "இன்னா அண்ணி இது? எங்க அண்ணன் கெடக்கிறாரு, நீ கையில மருதாணியோட குந்திக்கினு கீற. முந்தானைய வச்சாவது மூடக் கூடாதா?"

அமிர்தவல்லி கைகளை மூடவில்லை. "பத்து நாளாவும் ராஜி இது போறதுக்கு. அதுவரைக்கும் பாத்துக்கினு இரு" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு அவர் வருவாரா என்ற ஐயத்துடன் சட்டியில் ஊறவைத்தேன். வந்தார். கைம்பெண்ணின் தலைக்கு எதற்கு நிறம் என்று ஊர் கேட்டதை அவரே சொல்லிவிட்டு, "அவரு பாக்கணும்னா நான் போட்டுக்கினேன்? அந்த மனுசன் ஒரு நாளும் நிமிந்து பாத்ததில்ல" என்றார்.

இந்த ஆண்டு சிறுநீரகம் அவரைக் கைவிட்டது. டயாலிசிஸ் நாள்களும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. ஈரத் தலை கூடாது என்று மருமகள் தடுத்தாள், அவள் செய்தது சரிதான். சில மாதங்களில் வகிட்டின் இருபுறமும் வெள்ளை விரலளவு வளர்ந்து, அதற்குக் கீழே பழைய செம்பு நிறம் தொங்கியது. போன மாதக் கடைசியில் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"வேர் இப்பிடி வெள்ளையா இருக்கிறப்ப என்னை எடுத்துக்கினு போவ வுடாத, ஹிஸ்டரி."

"சாகப்போறவளுக்கு இவ்ளோ பகட்டா?" என்று கேட்டேன். எங்களுக்குள் அது கொஞ்சலில் சேரும்.

"பகட்டு இல்ல. பாதியில வுட்ட எக்ஸ்பரிமென்ட் மாதிரி கீது. பாக்கவே பேஜாரா கீது. வர்ற ஞாயித்துக்கெழம வா, முடிச்சிடலாம்."

வருவதாக வாக்குக் கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தூக்கோடு போனேன்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். குளிர்பெட்டி வந்துகொண்டிருந்தது. உள்ளே கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வெள்ளை வேர் அப்படியே தெரிந்தது. தலைமாட்டில் ராஜேஸ்வரி எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தபடி நின்றிருந்தார். அவரும் இப்போது கைம்பெண், எழுபதைத் தாண்டியவர். எண்ணெய் விழுந்தால் வாக்கு போயிற்று. பெட்டியில் வைத்தாலும் போயிற்று.

"எண்ணெய் இப்ப வேணாம்" என்று தூக்கைத் திறந்தேன். வாசனை கூடம் முழுவதும் பரவியது.

"இன்னாம்மா இது, பொணத்துக்கு மருதாணியா? கேட்டா ஊரு சிரிக்காதா?" என்றார் ராஜேஸ்வரி. "செத்த முடியில அது புடிக்குமா மொதல்ல?"

"முடி எப்பவுமே செத்ததுதான்னு உங்க அண்ணி ஆயிரம் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினாங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத அளவுக்கு உயர்ந்திருந்தது.

செந்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். "போடட்டும் அத்தை" என்றான். "நேத்து ராத்திரி அம்மா கடைசியா கேட்டதே அதான். ஹிஸ்டரி ஊற வெச்சிருப்பாளா, போன் பண்ணிக் கேளுடான்னாங்க. நேரமாயிடுச்சு, காலையில கேக்கலாம்னு விட்டுட்டேன்."

ராஜேஸ்வரி எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். "நீ ஒருத்தியே எப்பிடிப் போடுவ? தலையைத் தூக்க ஆளு வேணாமா?" என்று உட்கார்ந்து, அண்ணியின் தலையை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டார்.

கையுறை விழுப்புரத்தில் கிடந்தது. வெறுங்கையால் வகிடு வகிடாகப் பிரித்து வேர்வரை போட்டேன். இடையில் பெட்டிக்காரர் எட்டிப் பார்த்து, "ஜல்தி முடிங்கம்மா, பெட்டிய எறக்கணும்" என்றார். செந்தில் அவரை டீ குடிக்க அழைத்துப் போனான். எவ்வளவு நேரம் டீ குடிக்க வைக்க முடியுமோ அவ்வளவு நேரம் குடிக்க வைத்தான்.

பிறகு அலசினோம். உண்மையைச் சொன்னால் சாயம் சரியாக ஏறவில்லை. உடம்பின் சூடு இல்லாத தலையில் வேர் வெளிறிய ஆரஞ்சாகத்தான் வந்தது. அவர் இருந்திருந்தால் எனக்குத் தேர்ச்சி மதிப்பெண் மட்டும் போட்டிருப்பார். ஆனால் வெள்ளை இல்லை. அன்று மதியம் நால்வர் தோளில் அவர் வெளியே போனபோது வகிட்டில் ஒரு நூல் வெள்ளைகூட இல்லை.

வாசலில் ராஜேஸ்வரி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுது கசிந்து இரண்டு உள்ளங்கைகளும் சிவந்திருந்தன. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அதை உற்றுப் பார்த்தாள். "இன்னாடி பாக்கிற? பத்து நாளாவும் போறதுக்கு" என்றார் ராஜேஸ்வரி. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தூக்கில் பாதி விழுது மீதி இருந்தது. வீணாக்குவது கெமிஸ்ட்ரிக்குப் பிடிக்காது. சாவு வீட்டிலிருந்து திரும்பினால் தலைமுழுகியே ஆகவேண்டும் அல்லவா? முழுகினேன். எண்ணெய்ப் பசையில்லாத சுத்தமான தலை. காயவைத்து, கொல்லைப்புறத்து வெயில் தணியுமுன் மீதி விழுதை எடுத்து என் தலையில் போட்டுக்கொண்டேன். கையுறை அலமாரியில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்த வெறுங்கையைத்தான். இதை எழுதும்போது சிவப்பு நகக்கண்ணில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்குப் பொடி சலித்து வைத்துவிட்டேன்.