லென்சுக்கு வைத்த சந்தனப் பொட்டு

மலையைப் படமெடுப்பது சுலபமான தொழில். கல்யாணப் பெண்ணைப் போல மலை கண்ணை மூடாது, பக்கத்தில் அதன் தாய்மாமன் வந்து நிற்க மாட்டார். ஆன்மிகத்துக்காக மலையைப் படமெடுக்கும் கூட்டத்தோடு போகும்போதுதான் உயிர் போகிறது. ட்ரைபாட் சுமந்து தோள் காய்த்துப்போன சகோதரர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

சிம்மக்கல்லில் எனக்குச் சின்ன ஸ்டுடியோ. ஞாயிறுகளில் 'கேமரா தியானம்' நடத்தும் குருஜியோடு போவேன். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுத் தாடி வளர்த்தவர். பட்டனை எப்படி அழுத்துவது என்று நான் சொல்லித்தருவேன், எதற்கு அழுத்துவது என்று அவர் சொல்லித்தருவார்.

நான் இதைச் சகித்துக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். என் ஸ்டுடியோ சுவரில் எந்த நாட்டுடையதோ ஒரு பனிமலைப் போஸ்டர் இருக்கிறது. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. அதைக் கிழித்துவிட்டு, நிறைந்த கண்மாயில் அழகர்மலை தலைகீழாகத் தெரியும் படத்தை நானே எடுத்து மாட்ட வேண்டும். கண்மாய் நிறைவது எப்போதாவதுதான். கரைக்குப் போகும் வழியோ குருஜியின் நண்பர் தோப்புக்குள். கேட் அவருக்குத்தான் திறக்கும்.

மௌனம்

வேனை விட்டு இறங்கியதும் மௌனம், இது குருஜியின் முதல் விதி. சீடர்களில் ஆனையூர் டாக்டரம்மா அதை ரொம்பப் பயபக்தியோடு கடைப்பிடிப்பவர். நான் கேமராவில் வெளிச்சம் கூட்டுவது பற்றிச் சொன்னால்கூட உதட்டில் விரலை வைத்து என்னை முறைப்பார். ஒருநாள் எல்லோரும் மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, மலைக்கே கேட்கும்படி சொன்னார்: "நான் மௌனத்துல இருக்கேன்டி. பரவால்ல, நீ சொல்லு, இன்னைக்கு என்ன கொழம்பு?"

முக்தி

இன்னொரு சீடர் ஜவுளிக்கடைக்காரர். என்னுடையதைப் போல நாலு மடங்கு பெரிய லென்ஸ் வைத்திருப்பார், மூடியைக் கழற்ற மட்டும் என்னைக் கூப்பிடுவார். வயல் வரப்பில் கொக்குகள் அசையாமல் நின்றன. "இதுதான் தியானம், பாருங்கள்" என்று குருஜி உருகினார். எனக்கும் அன்றைக்கு அவர் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது உண்மை. அது அடங்குவதற்குள் வரப்பில் ஒரு மண்கட்டி போய் விழுந்தது. கொக்குகள் எல்லாம் எழுந்து போய்விட்டன. எறிந்தவர் ஜவுளிக்கடைக்காரர். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "சும்மா நின்னுக்கிட்டே இருந்தா எப்படிண்ணே முக்தி கெடைக்கும்? பறக்க வேணாமா?"

பூஜை

அந்த வருஷம் மழை கொட்டியது, கண்மாய் நிறைந்தது. இருட்டோடு கரைக்குப் போய்விட்டோம். நான் ட்ரைபாடை விரிக்க ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து குருஜிக்கு ஒரு யோசனை உதித்தது. எல்லாக் கேமராக்களையும் வாழை இலையில் வைத்துப் பூஜை போட வேண்டும். பிறகு இமை மேல் வெளிச்சம் படும் வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. என் கேமரா வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். "சொல்லித்தருபவர்தான் முதலில் வைக்க வேண்டும்" என்றார். சந்தனக் கிண்ணம் ஜவுளிக்கடைக்காரர் கைக்குப் போனது. ஆயுத பூஜைக்குக் கல்லாப்பெட்டி முதல் கடை ஷட்டர் வரை பொட்டு வைத்துப் பழகிய கை.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. மேகம் விலகியது. வெயில் மலை உச்சியில் பட்டு, மலை முழுசாகத் தண்ணீருக்குள் இறங்கியது. பாய்ந்து போய்க் கேமராவை எடுத்தேன். திரையைக்கூடப் பார்க்காமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். மேகம் மறுபடி மூடிக்கொண்டது. அப்புறம் பார்த்தால், எல்லாப் படத்திலும் மலைக்கு நடுவில் மங்கலாக ஒரு மஞ்சள் வட்டம். லென்சின் நட்டநடுவில் சந்தனம். வாயில் வந்ததை எல்லாம் திட்டினேன். ஜவுளிக்கடைக்காரர் பாவமாக என்னைப் பார்த்தார். "கேமராவுக்கு நெத்தி எதுன்னு தெரியலண்ணே. அதுலதான் நல்லா வட்டமா எடம் இருந்துச்சு, வச்சுட்டேன்."

ஒளி

அடுத்த ஞாயிறு நாங்கள் போவதற்குள், கரை உடையும் என்று பயந்து மடையை முழுசாகத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் இருந்த இடத்தில் சேறும் பழைய செருப்பும்தான் கிடந்தன. கரையில் நின்று அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. குருஜியும் அழுதார், ஆனால் நான் எடுத்த மஞ்சள் வட்டப் படத்தைப் பார்த்து. "மலையின் ஆன்மா வெளிப்பட்டிருக்கிறது" என்று சொல்லி, அதைப் பெரிதாக்கித் தன் விளம்பரத் தட்டியில் போட்டுக்கொண்டார். சந்தனம் என்று நான் எத்தனை முறை சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை, தன்னடக்கம் என்கிறார்கள். இப்போது பூஜை அறையில் மாட்ட அந்தப் படம் கேட்டு ஸ்டுடியோவுக்கே ஆள் வருகிறது. போன வாரம் பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு அம்மா, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "ஏண்ணே, என் தலைக்குப் பின்னாலயும் அந்த ஒளி கொஞ்சம் வர்ற மாதிரி எடுப்பீங்களா?"

பனிமலைப் போஸ்டர் இன்னும் என் சுவரில்தான் இருக்கிறது, அதை எடுத்தவன் லென்சைத் துடைத்துவிட்டாவது எடுத்திருக்கிறான்.