ஓரத்தில் நின்ற ஆர்டித்

லாரே மார்டென்சனிடம் கத்தரிக்கோல் மட்டும் பத்தொன்பது இருந்தன. அலை அலையாக வெட்டுவது ஒன்று, பல் பல்லாக வெட்டுவது ஒன்று, தபால்தலை ஓரம் போல வெட்டுவது ஒன்று. சமையலறைக்கென்று உருப்படியாக ஒன்றுகூடக் கிடையாது. அவள் கணவர் டெல்மார் வான்கோழிப் பண்ணையிலிருந்து பசியோடு வந்து, ரொட்டிப் பாக்கெட்டைப் பிரிக்கக் கத்தரிக்கோலில் கைவைத்தால் போதும், "அதத் தொடாதே! அது காகிதத்துக்கு மட்டும்தான்!" என்று அலறல் கேட்கும். மனிதர் பல்லால் கடித்தே பிரிக்கப் பழகிவிட்டார்.

லாரேக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வாரா வாரம் நானூறு பிள்ளைகளுக்குச் சில்லிக் குழம்பும் சினமன் ரோலும் செய்து போட்ட கை அது. சும்மா இருக்கத் தெரியாது. வீட்டில் நாற்பத்தோரு ஆல்பம். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிது. பூப்போட்ட காகிதம், ரப்பர் ஸ்டாம்ப்பில் குத்திய இலைகள், ரிப்பன், நடுவில் குடும்பப் படம், கீழே அவள் கையெழுத்தில் நாலு வரி. மகன் பல் விழுந்த தினத்துக்கு மட்டும் ஆறு பக்கம் இருக்கிறது. பல்லும் இருக்கிறது.

சான்பீட் பள்ளத்தாக்கில் அந்த வருஷங்களில், அதாவது இரண்டாயிரத்து மூன்று வாக்கில், இது ஒன்றும் அதிசயமில்லை. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சபைக் கூடத்துக்குப் போய்ப் பார்த்தால், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே வரிசையாக மேசை போட்டு இருபது பெண்கள் வெட்டிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருப்பார்கள். அதற்குக் 'கிராப்' என்று பெயர். தலைமுடி வெட்டுகிற கிராப்பு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது படத்தை வெட்டுகிற கிராப்பு. காப்பி சபைக்கு ஆகாது. ரூட் பியர் என்கிற வேர்ச் சோடாவும், கேரட் துருவிப் போட்டுத் தளதளவென்று ஆடும் பச்சை ஜெல்லோ இனிப்பும் உண்டு. ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அடுத்த வியாழக்கிழமை அந்த மேசைக்கு வந்துவிடும்.

அங்கே வராத பெண் ஒருத்தி மட்டும்தான். டெல்மாரின் அக்கா, லாரேயின் நாத்தனார், ஆர்டித்.

ஆர்டித் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஆறடி உயரம். பேருந்தில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. அவளும் லாரேயும் நேருக்கு நேர் பேசி ஏழு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தவறாமல் வருவாள். ஆனால் எல்லாப் பேச்சும் டெல்மார் வழியாகத்தான்.

"டெல்மார், உப்பு டப்பாவத் தள்ளச் சொல்லு உன் பொண்டாட்டிய."

"டெல்மார், உப்பு அவங்க முழங்கைக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லு."

"கண்ணாடி போட்டுக்கிட்டுதான் வந்திருக்கேன்னு சொல்லு."

டெல்மார் எதையும் சொல்லமாட்டார். உருளைக்கிழங்கை வாயில் அடைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்.

விஷயம் இதுதான். ஆர்டித்திடம் ஒரு பழைய கலர்ப் படம் இருந்தது. நோட்டுப் புத்தக அளவு. 1961இல் ஊர்ச் சந்தைக்கு வந்த படக்காரர் எடுத்தது. நடுவில் அப்பா, அம்மா. வலது ஓரத்தில் அகலமான நீலப் பாவாடை கட்டிய பதினாலு வயது ஆர்டித். அவள் தோளில் அப்பாவின் கை. டெல்மார் அப்போது ஆறு வயது. படம் எடுக்கும்போது பன்றி பார்க்கப் போய்விட்டார். அந்தக் குளிர்காலத்தில் அப்பா இறந்துபோனார். அப்பாவோடு ஆர்டித் இருக்கும் படம் உலகத்தில் அது ஒன்றுதான். அதை அவள் நம்பி லாரேயிடம் கொடுத்தாள். "ஒரு நல்ல பக்கமா செஞ்சு குடு."

லாரே அந்த வாரம்தான் படம் வெட்டி ஒட்டும் வகுப்புக்கு முதல் தடவையாகப் போய் வந்திருந்தாள். சால்ட் லேக்கிலிருந்து வந்த டீச்சரம்மா, "முக்கியமான முகத்த மட்டும் வெச்சுக்குங்க, மத்ததெல்லாம் வெட்டித் தள்ளுங்க. தைரியமா வெட்டுங்க!" என்று சொல்லியிருந்தாள். லாரேக்குத் தைரியத்துக்கா பஞ்சம்? அப்பாவையும் அம்மாவையும் நடுவில் வைத்து இதய வடிவத்தில், அலைக் கத்தரிக்கோலால், ஒரே மூச்சில் வெட்டினாள். சுற்றிலும் தங்கக் காகிதம் ஒட்டினாள். அவள் கண்ணுக்கு அது அவ்வளவு அழகாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆர்டித் வந்து பக்கத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் எங்க?"

"நீயா? அது வெறும் ஓரம்தானே ஆர்டித். ஓரத்த எடுத்தாதான் எடுப்பா இருக்கும்னு டீச்சர் சொன்னாங்க."

ஆர்டித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான். வெட்டியதைக்கூட மன்னித்திருப்பாளோ என்னவோ, அந்த 'வெறும் ஓரம்' அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு லாரே தன் கையால் செய்த வாழ்த்து அட்டையை அனுப்பினாள். "உன் பொண்டாட்டி அட்டை அடுப்புல நல்லா எரிஞ்சுதுன்னு சொல்லு" என்று டெல்மார் வழியாகப் பதில் வந்தது. லாரேயும் விடாமல் வருஷா வருஷம் அனுப்பினாள். வருஷா வருஷம் அதே பதில்தான்.

லாரே வெட்டிய துண்டு எதையும் தூக்கிப் போட்டதில்லை. ஐஸ்கிரீம் வாளிகளில் போட்டு மூடி வைப்பாள். ஆர்டித்தின் துண்டும் அங்கேதான் எங்கேயாவது கிடக்க வேண்டும். தேடலாம். ஆனால் தேடினால் செய்தது தப்பு என்று ஆகிவிடுமே! டீச்சர் சொன்னது, கத்தரிக்கோல் வழுக்கியது, படம் பழசு என்று ஏழு வருஷம் ஆயிரம் காரணம் சொன்னாளே தவிர, 'நான் வெட்டினேன்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வீராப்பு என்றால் அப்படி ஒரு வீராப்பு.

அந்த ஜூன் மாதம் ஆர்டித் ஊரை விட்டுப் போகப்போகிறாள் என்று செய்தி வந்தது. பனி அள்ளி அள்ளி இடுப்பு போய்விட்டது. தெற்கே செயின்ட் ஜார்ஜில் வீடு வாங்கிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை பயணம். சபையின் மாதர் சங்கத் தலைவி ஜனீல், முப்பத்திநாலு வயசுதான், ஆனால் ஊரையே கட்டி மேய்க்கிறவள், வழியனுப்பு ஆல்பம் செய்யலாம் என்று ஏற்பாடு செய்தாள். ஆளுக்கு ஒரு பக்கம். யாருக்கு எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கல். சீட்டுப் போட்ட வாளி கைமாறிக் கைமாறி, கடைசியாக ஒரே ஒரு சீட்டோடு லாரேயிடம் வந்தது. 'சின்ன வயசு' என்று எழுதியிருந்தது.

"ஜனீல், இத மாத்திக் குடு. எனக்குப் பேருந்துப் பக்கம் குடு."

"மாத்துறதெல்லாம் கிடையாது சிஸ்டர் மார்டென்சன். குலுக்கல்னா குலுக்கல்தான்." சபையில் எல்லாப் பெண்களும் 'சிஸ்டர்'தான்.

"நீ வேணும்னே கடைசில குடுத்திருக்கே."

"ஜெல்லோ இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றாள் ஜனீல். மற்றப் பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாக வெட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் லாரே யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சனிக்கிழமை போய்விட்டால் முந்நூறு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு உப்புக் கேட்கக்கூட ஆள் இருக்காது. சண்டை போட்டாலும் அந்த நாற்காலியில் ஆர்டித் உட்கார்ந்திருப்பது தனக்கு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஏழு வாளிகளையும் கவிழ்த்தாள்.

"யாருக்காவது சாப்பாடு உண்டா இன்னைக்கு?" என்றார் டெல்மார்.

"உக்காரு. நீல நிறத்துல எது இருந்தாலும் எடு."

புருஷனும் பெண்டாட்டியும் மலை போலக் குவிந்த துணுக்குகளைக் கிளறினார்கள். பாதி நாய், யாருடைய காதோ, கேக் ஓரம். ஐந்தாவது வாளியின் குவியலில் டெல்மார் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "லாரே, இதுல ஓட்ட ஓட்டயா இருக்கே?"

லாரே வாங்கிப் பார்த்தாள். ஆர்டித்தின் முகம் முழுசாக இருந்தது. தோளில் அப்பாவின் கை, மணிக்கட்டோடு. ஆனால் நீலப் பாவாடையில் சுண்டுவிரல் நகம் அளவில் ஐந்து நட்சத்திர ஓட்டைகள். ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு நீலக் காகிதம் தீர்ந்துபோயிருந்தது. காகிதத்தில் நட்சத்திரம் குத்தியெடுக்கும் கருவியைத் தலைகீழாகப் பிடித்து, ஓட்டை வழியே நீலம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்து, குத்து குத்து என்று குத்தியிருக்கிறாள். வெட்டியது போதாதென்று நாத்தனாரின் பாவாடையில் நட்சத்திரமும் பறித்திருக்கிறாள்.

டெல்மார் முதலில் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மேசையில் தலை வைத்துச் சிரித்தார். "ஏழு வருஷமா எங்க அக்கா பாவாட எங்க இருக்கு?"

"ஜூலை நாலாம் தேதிப் பக்கத்துல" என்றாள் லாரே, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல். "கொடிக்குப் பக்கத்துல ஒட்டிட்டேன்."

இரண்டாவது ஆல்பத்தை எடுத்தாள். பல்லிடுக்கில் விடும் நூலை ஒரு முழம் இழுத்து, இரண்டு கையாலும் பிடித்து, நட்சத்திரத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்தாள். ஒட்டியதைப் பிரிக்க அதைப்போல ஆயுதம் வேறில்லை. டெல்மார் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது இல்லை. நாற்பத்தோரு ஆல்பத்தையும் புரட்டியாயிற்று, கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. சாவு வீட்டு உருளைக்கிழங்கு மூன்று தட்டு வந்திருந்தது. பெயர்தான் அப்படி, எல்லா விசேஷத்துக்கும் அதுதான். ஆர்டித் நடுவில் உட்கார்ந்து ஆல்பத்தைப் பிரித்தாள். பேருந்துப் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள், பனிப் பக்கத்தைப் பார்த்துத் திட்டினாள். பிறகு அந்தப் பக்கம் வந்தது.

லாரே அதில் பூவும் வைக்கவில்லை, ரிப்பனும் வைக்கவில்லை. இதயத்தைத் தங்கக் காகிதத்திலிருந்து பிரித்தெடுத்து, வாளிகளில் கிடைத்த மற்றத் துண்டுகளைச் சுற்றிலும் சேர்த்து, படத்தை மறுபடி முழுசாக்கியிருந்தாள். அலையோடு அலை பொருந்தியிருந்தது. அப்பாவின் கை மணிக்கட்டில் சேர்ந்திருந்தது. பாவாடையில் நாலு நட்சத்திரங்கள் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருந்தன, ஓரிடம் காலி. வெட்டுத் தழும்பு எதையும் மறைக்கவில்லை. கீழே அவள் கையெழுத்தில் இரண்டே வரி: 'இது ஓரம் இல்லை. வெட்டியது நான்தான். லாரே.'

லாரே வாசல் பக்கமாக, ஓடுவதற்குத் தோதாக நின்றிருந்தாள். ஆர்டித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டு, விரலால் அப்பாவின் கையைத் தடவினாள். பிறகு நிமிர்ந்து, டெல்மாரைத் தேடாமல், நேராக லாரேயைப் பார்த்தாள்.

"ஒரு நட்சத்திரம் குறையுதே."

ஏழு வருஷத்தில் நேராக வந்த முதல் வார்த்தை. லாரே வாசலை விட்டு இரண்டடி முன்னால் வந்தாள். "எல்லா எடத்துலயும் தேடிட்டேன் ஆர்டித். கிடைக்கல."

"நாளைக்குக் காலைல வீட்டுக்கு வா. அந்த நூல எடுத்துட்டு வா."

மறுநாள் ஆர்டித்தின் வீட்டில் எல்லாம் மூட்டை கட்டி முடிந்திருந்தது. சமையல் மேசை மேல் ஒரு காலணிப் பெட்டி மட்டும் இருந்தது. ஆர்டித் மூடியைத் திறந்தாள். உள்ளே ஏழு கிறிஸ்துமஸ் அட்டைகள், வருஷ வரிசையில், ரப்பர் பேண்ட் போட்டு. முதல் அட்டையில் பச்சைக் காகித மரம். மரத்தின் உச்சியில் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு நீல நட்சத்திரம்.

லாரே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டேன்னு சொன்னியே!"

"உன்கிட்ட எங்க சொன்னேன்?" என்றாள் ஆர்டித். "உன் புருஷன்கிட்டதானே சொன்னேன். சரி, நூல எடு."