வலைப்பூவில் தடம் மாறிய நாலாம் படி

மட்டாஞ்சேரிக் கணக்கு டீச்சர் ஜெயலக்ஷ்மிக்குப் பயம் கூடப்பிறந்தது. காஸை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிற ரகம். அப்படிப்பட்டவள் பல வருஷமாக ஒரு வலைப்பூ நடத்துகிறாள் என்றால் யாரும் லேசில் நம்பமாட்டார்கள். வகுப்புகளுக்குப் புரொஜெக்டர் வந்த புதிதில், அவள் சாப்பிட உட்கார்ந்தால் போதும், யாராவது ஒரு டீச்சர் போனில் கூப்பிட்டுப் படம் தலைகீழாகத் தெரிகிறதே என்பாள். ஒவ்வொருத்திக்கும் சொல்லி மாளாமல், எல்லாவற்றையும் படிப்படியாக எழுதி இணையத்தில் போட ஆரம்பித்தாள். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் எழுத வருவது மலையாளம்தான், அதிலேயே எழுதினாள். ஆலுவா முதல் திருப்பூணித்துறை வரை அதைப் பார்த்துத்தான் பல ஆசிரியர்கள் கணினியில் கை வைத்தார்கள்.

சனிக்கிழமை வந்தது வினை. திங்களன்று பத்தாம் வகுப்புக்குக் கணினிச் செய்முறைத் தேர்வு. ஒரு பிள்ளை எழுதி முடித்ததும் விடையைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகே கணினியைச் சுத்தம் செய்து அடுத்த பிள்ளையை உட்காரவைக்க வேண்டும். போன வாரம் அவள் எழுதிய குறிப்பில் நாலாம் படியும் ஐந்தாம் படியும் இடம் மாறியிருந்தன. அதன்படி செய்தால் முதலில் சுத்தம்; விடை போனது போனதுதான்.

கண்ணில் பட்ட உடனே திருத்தினாள். "அதான் திருத்தியாச்சே, இன்னும் என்ன?" என்றார் கணவர் வெங்கடேஸ்வரன். அவருக்கென்ன தெரியும்? நம் ஆசிரியர்கள் வலைப்பூவைத் திரையில் படிக்கிறவர்களா? பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, லேப் சுவரில் ஒட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இங்கே திருத்தினால் சுவரில் திருந்துமா?

ஞாயிறு முழுக்கப் போன். திருப்பூணித்துறை வசந்தி டீச்சர் அலுத்துக்கொண்டாலும் தாளை மாற்றுவதாகச் சொன்னாள். மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். வைப்பின் பள்ளி வாத்தியார் யூசுப் மாஷ் மட்டும் எடுக்கவே இல்லை. பாலக்காட்டு ராவுத்தர், ஆசிரியர் கூட்டங்களில் அவளோடு தமிழில் பேசுகிற ஒரே மனிதர். அனுப்பிய செய்தியையும் அவர் பார்க்கவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் எழுத்தை நம்பி, எழுதிய பரீட்சையை ஒரு பிள்ளை இழந்து நிற்குமே என்று மறுபடி மறுபடி அவர் எண்ணையே அழுத்தினாள்.

திங்கள் காலை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வைப்பினுக்குப் படகு பிடிக்கப் போர்ட் கொச்சிக்கு ஓடினாள். அவசரத்துக்கு உதவாத ஜங்கார் படகு அன்றைக்கென்று ஆடி அசைந்து அக்கரை சேர்ந்தது. அவள் பள்ளிக்குள் நுழையும்போது முதல் அணிப் பிள்ளைகள் தேர்வு முடித்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபடியே லேபுக்குள் போனாள்.

லேப் சுவரில் அவளுடைய தாள்தான் இருந்தது. ஆனால் நாலும் ஐந்தும் சிவப்பு மையால் அம்பு போட்டு மாற்றப்பட்டிருந்தன.

யூசுப் மாஷ் நாற்காலியை இழுத்துப் போட்டார். போன் தண்ணீரில் விழுந்து ரிப்பேரில் இருப்பதாகவும், விடைகளெல்லாம் பத்திரம் என்றும் சொன்னார். ஜெயலக்ஷ்மிக்கு அழுகை முட்டியது. அதை மறைக்கக் கோபித்துக்கொண்டாள்.

"தப்புன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லப்படாதா மாஷே?"

"அன்னைக்கே பிளாக்ல கமெண்ட் இட்டேனே டீச்சரே. முன்னாலயும் எத்தனையோ வாட்டி இட்டிருக்கேன். ஒண்ணும் வெளியில வரல்ல. திருத்துறது உங்களுக்குப் பிடிக்காதாக்கும்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. தொடங்கிய வருஷத்திலேயே யாரோ ஒருவன் அவள் மலையாளத்தைக் கேலி செய்து கமெண்ட் போட்டிருந்தான். தான் அனுமதிக்காமல் இனி எதுவும் வெளியாகாதபடி அன்றே பூட்டிவிட்டாள். பிறகு பயத்தில் அந்தப் பக்கம் போகவே இல்லை. தப்பு வந்துவிடுமோ என்று இத்தனை காலம் நடுங்கியவள், தப்பைச் சொல்ல வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

போனில் கமெண்ட் பக்கத்தைத் திறந்தாள். அவள் அனுமதிக்குக் காத்திருந்த கமெண்டுகள் கீழே போய்க்கொண்டே இருந்தன. யூசுப் மாஷ், வசந்தி, பெயரே கேட்டிராத யார் யாரோ. முதலாவதைத் தொட விரல் வரவில்லை.

"நீங்களே வாசிச்சுச் சொல்லுங்கோ மாஷே. நான் கேட்டுக்கறேன்," என்று போனை அவரிடம் நீட்டினாள்.