கொழும்பில் அம்மா சிரித்த அறை

பிள்ளைகள், நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படகு எஞ்சினைக் கழற்றச் சொன்னால் எங்கே தொடங்குவது என்று என் கைக்குத் தெரியும். எழுத்தில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஆனாலும் எழுத வேண்டி வந்துவிட்டது. அம்மா சிரிக்கும்போது வாயைப் பொத்துவாவா, பொத்த மாட்டாவா என்று போன கிழமை சின்னவள் அக்காவிடம் கேட்டாள். மூத்தவளுக்கும் உடனே சொல்ல வரவில்லை. நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பொத்துவார். சேலைத் தலைப்பால் பொத்துவார். அம்மா கடைசியாக வாய்விட்டுச் சிரித்த இடத்தை உங்களுக்குக் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் கண்டது வேறு. நான் கண்டதை எழுதி வைக்கிறேன்.

அப்போது நீங்கள் இரண்டு பேரும் கிளிவெட்டியில் பெரியம்மா வீட்டில் நின்றீர்கள். நாங்கள் கொழும்பில், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்து இருந்தோம். திங்களில் இருந்து வெள்ளி வரைக்கும் காலையில் அம்மாவுக்குக் கதிர்ச் சிகிச்சை. உள்ளே போய் வருவது கொஞ்ச நேரம்தான். அதற்குப் பிறகு பகல் முழுக்கச் சும்மா கிடக்கும். அறைக்கு மேலே தகரம். மத்தியானத்தில் அதற்குள் இருக்க ஏலாது. எங்கள் ஊர் அன்புவழிபுரத்து வெயிலில் வளர்ந்த எங்களுக்கே ஏலாது. ஊரில் என்றால் பின்னேரத்தில் துறைமுகப் பக்கம் இருந்து கொஞ்சம் காற்றாவது வரும்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நடந்து வரும்போது அம்மாவுக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் இருந்த மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய பழைய வீடொன்றின் மதில் அது. அதன் நீளத்துக்கு வெள்ளைச் சீலைத் துண்டுகள் கட்டித் தொங்கின. படலை திறந்து கிடந்தது. ஆட்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள், ஆனால் ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை.

“செத்த வீடு,” என்றார் அம்மா.

“ஓம் போல.”

“வாங்கோ, உள்ள கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போவம்.”

“ஆரெண்டே தெரியாது. எப்பிடிப் போறது?”

“இஞ்சருங்கோ, கலியாண வீட்டுக்குத்தான் அழைப்புக் காட் வேணும். செத்த வீட்டுக்கு வாறவையை நீங்கள் ஆர் எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம். கதிரை போட்டிருப்பினம். ஃபானும் சுத்தும்.”

அம்மா சொன்னது சரிதான். எங்கள் ஊரிலும் அப்படித்தானே. செத்த வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து இருந்தால், அவர் செத்தவரின் கூட்டாளியாக்கும் என்று நினைத்துக்கொள்வோம். அம்மா படலைக்குள் போகும்போதே முகத்தை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டார். ஊசி மருந்தில் முடி கொட்டிய தலையைச் சேலைத் தலைப்பால் மூடினார். படியடியில் செருப்பைக் கழற்றினோம். அங்கே வேறு ஒரு சோடிச் செருப்பும் இருக்கவில்லை. அப்போதாவது எனக்கு யோசனை வந்திருக்க வேண்டும்.

உள்ளே ஒரு பெரிய அறை. முகட்டில் வெள்ளைச் சீலை கட்டியிருந்தது. சுவரோரமாகச் சுற்றிவர பிளாஸ்டிக் கதிரைகள். ஒரு சின்ன மேசையில் வெற்றிலைத் தட்டம். மேலே ஃபான். நடுவில், பெட்டி வைக்கும் இடத்தில், ஒன்றுமில்லை. மூலையில் மெத்தை போட்ட பிரம்புக் கதிரையில் வெள்ளைச் சேலை கட்டிய பெண் ஒருத்தி பேசாமல் இருந்தாள். வீட்டுக்காரி என்று நினைத்து அம்மா அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். உள்ளே இருப்பது பெண்கள்தானே என்று நான் வெளி விறாந்தையில் நின்றுகொண்டேன். அங்கே இருந்து எல்லாம் தெரிந்தது, கேட்டது.

கொஞ்ச நேரம் போனது. அம்மா அந்தப் பெண்ணின் பக்கம் சாய்ந்தார்.

“தங்கச்சி, எத்தினை மணிக்கு எடுக்கினம்?”

“எதைம்மா?”

“பிரேதத்தை. இன்னும் கொண்டரேல்லையோ?”

அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “அம்மா, இது செத்த வீடு இல்லைங்க. மியூசியம். இதெல்லாம் ஒரு ஆர்ட்டிஸ்ட் செஞ்சு வச்சது.” அவளுடைய பேச்சு மலையகத்துப் பேச்சு.

“எது செஞ்சது?”

“எல்லாம். மேல கட்டியிருக்கிற துணி, வெத்தலைத் தட்டு, கதிரை.”

“நான் இருக்கிற கதிரையுமோ?”

“ஆமாம்மா. ஆனா அதுல இருக்கலாம்.”

அம்மா முகட்டைப் பார்த்தார். வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்தார். பிறகு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு துக்க முகத்தோடு நிற்கும் என்னைப் பார்த்தார்.

“இஞ்சருங்கோ, உள்ள வாங்கோ. ஆம்பிளையளும் வரலாமாம். ஒருத்தரும் சாகேல்லையாம்.”

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. தோள் குலுங்கியது. கண்ணால் தண்ணீர் ஓடியது. தலைப்பு விலகி மொட்டைத் தலை தெரிந்ததையும் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணும் சிரித்தாள். வேலை நேரத்தில் சிரிக்கிறோம் என்ற பயத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி சிரித்தாள். நோய் தெரிய வந்த நாளில் இருந்து அம்மா அப்படிச் சிரித்து நான் காணவில்லை. அதற்குப் பிறகும் காணவில்லை.

வாசலில் ஒட்டியிருந்த விளக்கத்தைப் போய் வாசித்தேன். மூன்று பாஷையிலும் இருந்தது. தமிழில் இருந்ததை இரண்டு தரம் வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. எல்லாம் சேர்ந்து என்ன சொல்கிறது என்று விளங்கவில்லை.

வெளிக்கிடும்போது நான் வழக்கம்போல, “அப்ப நாங்கள் போட்டு வாறம், தங்கச்சி,” என்று விடைபெற்றேன். அம்மா என் கையில் கிள்ளினார்.

“செத்த வீட்டில அப்பிடிச் சொல்லக்கூடாது. சொல்லாமல் வெளிக்கிட வேணும்.”

“இது செத்த வீடு இல்லையேம்மா. நீங்க சொல்லலாம்,” என்றாள் அவள்.

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி நின்று சொன்னார்: “அப்ப நான் போட்டு வாறன்.”

அன்று பின்னேரம் அம்மா உங்களுக்கு ஃபோன் எடுத்து இந்தக் கதையைச் சொன்னது ஞாபகம் இருக்கும். சின்னவள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே கேட்டாள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி முடிந்தால் நாங்கள் நேரே அங்கேதான். உள்ளே போகக் காசு கேட்க மாட்டார்கள். குளிர். இருக்க இடம். முதலில் அதற்காகத்தான் போனோம். பிறகு மற்ற அறைகளையும் பார்க்கத் தொடங்கினோம். ஒன்றில் உடைந்த செங்கற்களைக் குவித்து வைத்திருந்தார்கள். இன்னொன்றில் திரையில் ஒரு கை ஒரே கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருக்கும். அம்மா அதன் முன்னால் நின்று, “அது எப்பவோ காஞ்சிட்டுது பிள்ளை, விடு,” என்று அந்தக் கையோடு கதைப்பார். ஒரு படகுப் பலகைக்கு நீலம் பூசிச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் புல்மோட்டைக் கரையில் அப்படி எத்தனை கிடக்கிறது. ஆனால் அங்கே கிடப்பதைக் குனிந்துகூடப் பார்க்காத நான், இதற்கு முன்னால் கால் உளையும் வரைக்கும் நின்றேன். ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியாது.

அந்தப் பெண்ணிடம் ஒரு நாள் கேட்டேன். “தங்கச்சி, இதுகளை எப்பிடி விளங்கிக்கொள்றது?”

“நானும் வந்த நாள்ல இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஐயா. பாதி எனக்கும் வெளங்கல. வெளங்கலைன்னு யாரும் வெளிய அனுப்ப மாட்டாங்க.”

அம்மாவுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. எல்லாம் பார்த்து முடிந்ததும், இதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் எதைக் கொண்டுபோவீங்கள் என்று கேட்பார். நான் நீலப் பலகை என்பேன்.

“ஏன், எங்கட வளவில பலகை பத்தாதோ?”

“அப்ப உனக்கு என்ன வேணும்?”

“எனக்கு இந்தத் தங்கச்சியின்ர பிரம்புக் கதிரை. மெத்தையோட.”

“அது கண்காட்சி இல்லைம்மா. நான் இருக்கிறது,” என்பாள் அவள்.

“அதுதான் கேக்கிறன். இஞ்ச இருக்கிறதில உதவக்கூடியது அது ஒண்டுதான்.”

கடைசியில் எப்போதும் வெள்ளை கட்டிய அறைக்குத்தான் வருவோம். அம்மா தன்னுடைய பிளாஸ்டிக் கதிரையில் இருப்பார். போகப் போக அங்கே பகிடி விடுவது குறைந்தது. ஒரு நாள் அந்த வெறும் நடுவைப் பார்த்துக்கொண்டு, “நடுவில ஒண்டும் இல்லாததுதான் எனக்கு இதில பிடிச்சது,” என்றார். நான் முகட்டைப் பார்த்தேன். ஃபான் சுற்றிக்கொண்டிருந்தது.

சிகிச்சை முடிந்த அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. “வெளிக்கிட முந்தி அங்க ஒருக்காப் போட்டு வருவம்,” என்றார். போனோம். வாசலில் நின்று அந்தப் பெண்ணிடம், “போட்டு வாறன். அடுத்த முறை பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாறன்,” என்றார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையிலும் வெள்ளை கட்டினோம். வாடகைக் கதிரை வந்தது. பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே. இந்த முறை நடு வெறுமையாக இருக்கவில்லை. நான் படலையடியில் நின்றேன். வந்தவர்கள் ஒவ்வொருவராக ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார்கள். சின்னவள் என்னிடம் வந்து கேட்டாள்.

“அப்பா, மாமி ஏன் சொல்லாமல் போறா? என்னோட கோவமோ?”

“இல்லையடா. செத்த வீட்டில போட்டு வாறன் எண்டு சொல்லுறேல்லை.”

“ஏன்?”

“அப்பிடிச் சொன்னா, இன்னொருக்கா இப்பிடி ஒண்டுக்கு வாறன் எண்டு சொன்ன மாதிரி.”

அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகுதான் கேட்டாள். “அப்பா, அம்மா சிரிச்ச இடத்தைக் காட்டுங்கோ.” பள்ளிக்கூட விடுமுறைக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னேன். எஞ்சின் திருத்தும் கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். வழி முழுக்க, எந்தக் கதிரை, வாசலில் இருந்து எத்தனையாவது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தக் கதிரையில் அவளை இருத்த வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு எனக்கும் இருக்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் காட்சியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று எனக்கு ஆர் சொன்னது? கோயிலில் சிலை இருக்கிற மாதிரி அது அங்கேயே இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

மதிலில் வெள்ளைத் துண்டுகள் இல்லை. படியடியில் செருப்பைக் கழற்றினேன். நீங்களும் கழற்றினீர்கள். உள்ளே போனால் வெறும் அறை. முகட்டுச் சீலை இல்லை. கதிரைகள் இல்லை. சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்த மணம். ஃபான் மட்டும் சுற்றியது.

“இதுவோ அப்பா?” என்றாள் சின்னவள்.

“ஓம். இதுதான்.”

“எங்க கதிரை?”

நான் சுவரோரமாகத் தேடினேன். மூலையில் அந்தப் பெண் எழும்பி நின்றாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு உங்களைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வாசலையும் பார்த்தாள், இன்னும் ஒருவர் வருவாரோ என்று.

“அம்மா வரலையா, ஐயா?”

மூத்தவள்தான் சொன்னாள். “அம்மா செத்திட்டா.”

அந்தப் பெண் வெறும் சுவர்களைப் பார்த்தாள். “போன மாசத்தோட அந்தக் கண்காட்சி முடிஞ்சிருச்சு, ஐயா. கதிரையெல்லாம் வாடகைக்கு எடுத்தது. குடுத்துட்டாங்க,” என்றாள். எந்தக் கடைக் கதிரை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டு என்ன செய்வது? அந்தக் கதிரை இப்போது ஏதோ ஒரு கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ கிடக்கும்.

அப்போது அவள் தன்னுடைய பிரம்புக் கதிரையை மெத்தையோடு தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலைப் பார்த்து, சுவரைப் பார்த்து, கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி வைத்தாள். “இங்கதான். இப்படிப் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பாங்க,” என்றாள். இடம் சரியாக இருந்தது.

சின்னவள் ஏறி இருந்தாள். கால் நிலத்தில் படவில்லை. மெத்தையைத் தடவிப் பார்த்தாள். நடுவைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் சாய்ந்து, ஃபோனில் கேட்டுப் பழகிய அதே குரலில் மெல்லக் கேட்டாள்.

“தங்கச்சி, எத்தினை மணிக்கு எடுக்கினம்?”

கேட்டுவிட்டு எங்களுடைய முகங்களைப் பார்த்தாள், இனிச் சிரிப்பு வரும் என்று. அந்தப் பெண் குனிந்துகொண்டாள். மூத்தவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். நான் சிரிக்கத்தான் பார்த்தேன். வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை.

நேரம் போனது. மற்ற அறைகளைப் பார்க்கவில்லை. வெளிக்கிடும்போது நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். கதிரையில் இருந்து இறங்கியவள், ஆரையும் பார்க்காமல், ஒன்றும் சொல்லாமல் வாசலுக்கு நடந்தாள். மூத்தவளும் அப்படியே போனாள்.

அந்தப் பெண் எங்களோடு படி வரைக்கும் வந்தாள். எப்போதும் “போயிட்டு வாங்க” என்பவள். அன்றைக்கு அவளும் சொல்லவில்லை. மூன்று சோடிச் செருப்பு மட்டும் வெயிலில் கிடந்தது. போட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.